மிஸ்கிட்ட சொல்லாதே

ரம்யலதா மிஸ்ஸைத் திட்ட வேண்டுமென்றால் நான் திட்டுவேன். பதினோரு வருடம் அவர் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவள் என்ற உரிமை எனக்கு உண்டு. வேறு யாராவது வாயைத் திறந்தால் எனக்குப் பொறுக்காது. அவருக்குக் கல் நெஞ்சு என்று ஊரில் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அவர்களைக் கண்டால், கையிலிருக்கும் துடைப்பம் தரைக்கு மட்டும்தானா என்று எனக்குத் தோன்றும்.

என் பெயர் கருணாவதி. ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்ட். மிஸ் அங்கே நர்ஸ்; நர்ஸம்மாவை நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். இலங்கையின் ரஜரட்டையில் எங்கள் பக்கம் எந்தத் தெருவை எடுத்தாலும் சிறுநீரகம் கெட்டுப்போன ஆள் ஒருவராவது இருப்பார். வயலில் பாடுபட்ட ஆம்பிளைகள்தான் அதிகம். கிணற்றுத் தண்ணீரால் என்கிறார்கள், பூச்சிமருந்தால் என்கிறார்கள், வெயிலால் என்கிறார்கள். எதனால் என்று முடிவாகச் சொல்ல இன்னும் யாரும் வரவில்லை. வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் மட்டும் வருடா வருடம் வருகிறார்கள்.

எங்கள் பிரிவில் எட்டு மெஷின். வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு நாலு மணி நேரம், அது ஆளின் ரத்தத்தை வெளியே இழுத்துக் கழுவி உள்ளே அனுப்பும். அப்படிக் கழுவாவிட்டால் ஆள் இல்லை. படுக்கை விரிப்பது, தரை துடைப்பது, வருகிறவர்களை எடை மெஷினில் ஏற்றி எண்ணைச் சத்தமாகச் சொல்வது, இதெல்லாம் என் வேலை. சொன்ன எண்ணை ரம்யலதா மிஸ் எழுதிக்கொள்வார்.

அந்த எண்ணில்தான் எல்லா வம்பும். இவர்களுக்குச் சிறுநீர் போகாது. குடித்த தண்ணீரெல்லாம் உடம்பிலேயே நிற்கும். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் இடையில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறியிருந்தால் மிஸ்ஸின் கண் சிறுத்துவிடும். நாங்கள் எல்லோரும் தரையைப் பார்ப்போம்.

"மூணு நாள்ல நாலு கிலோ. குளத்துல தண்ணி வத்திப்போச்சுன்னு ஊரே புலம்புது. எங்க போச்சுன்னு இப்பத்தான தெரியுது" என்பார், எட்டுக் கட்டிலுக்கும் கேட்கும்படி.

அதோடு விட மாட்டார். என்ன தின்றாய், எப்போது தின்றாய், யார் சமைத்தது என்று துருவுவார். செவ்விளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு, கீரைக்கஞ்சி, எதுவும் கூடாது. எந்தப் பழமானாலும் என்னைக் கேட்காமல் வாயில் வைக்காதீர்கள் என்பது அவருடைய சட்டம். யாரும் அவரைக் கேட்டதில்லை. கேட்டால் "எதுக்கு இப்ப அந்த ஆசை?" என்று ஆரம்பித்து, உங்கள் பெண்டாட்டி பிள்ளைகளை நடுத்தெருவில் நிறுத்திவிட்டுத்தான் முடிப்பார்.

கதவுக்கு வெளியே ஒரு நீளமான பெஞ்ச் உண்டு. கூட வந்த பெண்டாட்டிமார் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே கூப்பிட்டு விசாரித்தால் என்ன பதில் சொல்வது என்று அங்கேயே பேசி வைத்துக்கொள்வார்கள். சோறு, புடலங்காய், குளத்து மீன் ஒரு துண்டு. திங்கட்கிழமை ஆளும் இதே பதில், சனிக்கிழமை ஆளும் இதே பதில். ஒருமுறை மிஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இந்த ஜில்லாவுல புடலங்காயைத் தவிர வேற எதுவும் காய்க்கிறதில்லையா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இவர்கள் வீட்டில் என்ன தின்கிறார்கள் என்று தெரியாத மனுஷி, எதைத் தின்னக் கூடாது என்று எப்படிச் சரியாகச் சொல்வார்? மண்டையில் ஏறவில்லை.

நான் மட்டும் என்ன யோக்கியம்? எடை மெஷின் சுவரை ஒட்டி இருக்கிறது. ஏறி நிற்கிறவர் இரண்டு விரலைச் சுவரில் ஊன்றினால் அரைக் கிலோ, முக்கால் கிலோ குறைத்துக் காட்டும். அதை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பேன். பாவம், நாலு மணி நேரம் ஊசி குத்திப் படுத்திருக்கப் போகிற மனுஷன், திட்டும் வாங்க வேண்டுமா என்று. அது புண்ணியம் என்று நினைத்திருந்தேன்.

மிஸ்ஸின் மறுபக்கமும் எனக்குத் தெரியும். மழையில் பஸ் வராத நாளில், எங்கேயோ காட்டோர ஊரிலிருந்து வர வேண்டிய ஒரு நோயாளிக்காகத் தன் வீட்டுக்குப் போகாமல் சாயங்காலம் வரை மெஷினைத் தயாராக வைத்துக் காத்திருப்பார். அவர் வந்து இறங்கியதும் கட்டிப்பிடித்துக்கொள்வாரா என்றால் இல்லை. "முந்தின பஸ்ஸுக்கு என்ன கேடு?" என்று கேட்பார். மிஸ்ஸுக்கு முப்பத்தெட்டு வயது. புருஷன் ராணுவத்தில். ஒரே மகள். மகளின் பள்ளிக்கூட விழாவுக்குப் போனதைவிட எங்கள் ஆட்களின் சாவு வீட்டுக்குப் போனதுதான் அதிகம்.

இனி முத்துபண்டாவுக்கு வருகிறேன்.

முத்துபண்டா என் பக்கத்து வீட்டுக்காரர். ஐம்பத்திரண்டு வயது. இரண்டு வருடமாக மெஷின், புதன்கிழமையும் சனிக்கிழமையும். நல்ல மனுஷன். நோய் வந்த பிறகும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "கருணா அக்கா, இன்னைக்கு ராணி யார் மேல பாய்ஞ்சாங்க?" என்று கேட்பார். ராணி என்றால் மிஸ். அவருடைய பெண்டாட்டி பொடிமெனிக்கே எதிர்த்துப் பேசத் தெரியாத பெண். புருஷனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர் என்று போத்தலில் கோடு போட்டு வைத்திருப்பாள். அவர் கெஞ்சினால் கோட்டை மறந்துவிடுவாள்.

அவர்கள் முற்றத்தில் ஒரு காமரங்கா மரம். ஐந்து பட்டையாக, குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் மாதிரி இருக்குமே, அந்தப் புளிப்புப் பழம். இந்த வருடம் கிளை ஒடியக் காய்த்தது. புத்த சமயம் இலங்கைக்கு வந்த நாளான பொசொன் பௌர்ணமிக்கு எங்கள் குளக்கட்டுச் சந்தியில் தன்சல் போடுவது வழக்கம். மிகிந்தலை மலைக்கு வந்தனைக்குப் போகிறவர்களை நிறுத்தி, சும்மா தின்னவும் குடிக்கவும் கொடுப்போம். முத்துபண்டாவின் ஆயுளுக்குப் புண்ணியம் சேரட்டும் என்று பொடிமெனிக்கே இந்தத் தடவை மரத்துப் பழம் முழுவதையும் தன்சலுக்குக் கொடுத்தாள். அவர் கையாலேயே எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்றாள்.

வியாழக்கிழமை பௌர்ணமி. காலையிலிருந்து நானும் பொடிமெனிக்கேயும் இன்னும் நாலு பெண்களும் பழத்தை இடித்துப் பிழிந்து, சீனியும் உப்பும் போட்டு, அண்டா அண்டாவாகக் கரைத்தோம். முத்துபண்டா வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு முன்னால் நின்று கிளாஸ் கிளாஸாக நீட்டினார். பஸ்ஸை நிறுத்தி ஜன்னல் வழியாகக் கொடுத்தார். அந்த வெயிலில், ஆயிரம் பேருக்குத் தண்ணீர் கொடுக்கிற மனுஷன், தான் ஒரு வாய் குடிக்காமல் நிற்கிறார். பார்க்க எனக்கே தொண்டை வறண்டது.

மத்தியானம் பொடிமெனிக்கே ஒரு கிளாஸ் கொடுத்தாள். தன்சலில் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்றாள். அவர் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது கிளாஸை நான்தான் கொடுத்தேன். செவ்விளநீர் இல்லை, வாழைப்பழம் இல்லை, நம் முற்றத்துப் பழம், இதில் என்ன வந்துவிடப் போகிறது? சனிக்கிழமை எடை ஒரு கிலோ கூடும், சுவரில் விரலை ஊன்றிக்கொள்ளட்டும். என் புத்தி அவ்வளவு தூரம்தான் போனது.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பொடிமெனிக்கே வேலியோரம் நின்றாள். உள்ளே யாரோ கதவைத் தட்டுவது போல ஒரு சத்தம், விட்டு விட்டுக் கேட்டது.

"அக்கா, இவருக்கு நேத்து சாயங்காலத்துலேர்ந்து விக்கல். நிக்கவே மாட்டேங்குது. கண்ணே மூடல. மிஸ்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா?"

பஸ் வருகிற நேரம். எனக்கு அவசரம். அதுவா காரணம்? இல்லை. மிஸ்ஸின் சிறுத்த கண் எனக்குத் தெரிந்தது. இரண்டு கிளாஸ் என்றால் யார் கொடுத்தது என்று கேட்பார். எங்கே என்று கேட்பார். நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பார்.

"மிஸ்கிட்ட சொல்லாதே" என்றேன். "உன்னையும் என்னையும் சேர்த்து வறுத்து எடுத்துடுவாங்க. விக்கல்தானே? நாளைக்குத்தான் மெஷின் இருக்கு. எல்லாத்தையும் கழுவிட்டுப் போயிடும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் சொல்கிறாள், சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள். தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

அன்று முழுவதும் நான் மிஸ்ஸுக்கு ஐந்தடி தூரத்தில் இருந்தேன். அவர் நல்ல மனநிலையில் வேறு இருந்தார். தேநீர் குடிக்கும்போது, தன்சல் எப்படி நடந்தது என்று விசாரித்தார். நல்ல கூட்டம் என்றேன்.

"நம்ம ஆளுங்க யாரும் கியூவுல நிக்கலையே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இல்ல, மிஸ்" என்றேன்.

அது பொய்யுமில்லை பாருங்கள். முத்துபண்டா கியூவில் நிற்கவில்லை. இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அந்த நாளை ஓட்டினேன். ஆனால் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி அவர்கள் வீட்டைக் கடக்கும்போது, அந்தச் சத்தம் இன்னும் கேட்டது. காலையில் இருந்ததைவிட இடைவெளி குறைந்திருந்தது. நான் நிற்காமல் நடந்தேன். வீட்டுக்கு வந்து கை கால் கழுவும்போதும் கேட்டது.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் அவர்களோடுதான் நானும் போனேன். முத்துபண்டா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். விக்கல் வரும்போதெல்லாம் முழு உடம்பும் தூக்கிப் போட்டது. பின்சீட்டில் ஒருவன், களவாத் தின்றால்தான் இப்படி விக்கும் என்று அவன் அம்மா சொல்வாள் என்று சொல்லிச் சிரித்தான். பொடிமெனிக்கே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் திரும்பி அவனை ஒரு முறை முறைத்தேன். பாதி வழியில் முத்துபண்டா என் பக்கம் திரும்பி, "அக்கா, கியூ முடிஞ்சுதா? இன்னும் ஜனம் நிக்குதா?" என்று கேட்டார். முடிஞ்சிடுச்சு என்றேன்.

எடை மெஷினில் அவரால் தனியாக நிற்க முடியவில்லை. சுவரில் விரலை ஊன்றவில்லை, முழு உடம்பையும் சாய்த்தார். கால் மரத்துப் போகிறது என்றார். மிஸ் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார். எண்ணை நான் சொல்லவே இல்லை, அவரும் கேட்கவில்லை. முத்துபண்டாவின் முகத்தைக் கையில் பிடித்துக் கண்ணைப் பார்த்தார். "அண்ணே, நான் யாரு?" என்று கேட்டார். முத்துபண்டா வெகுநேரம் பார்த்துவிட்டு, செத்துப்போன தன் அக்காவின் பெயரைச் சொன்னார்.

பொடிமெனிக்கேயை உள்ளே கூப்பிட்டார்கள்.

"இந்த விக்கல் எப்பலேர்ந்து?"

"இன்னைக்குக் காலைலேர்ந்து, மிஸ்."

"என்ன சாப்பிட்டாரு?"

"சோறு, மிஸ். புடலங்காய். ஒரு துண்டு மீன்."

"பழம் ஏதாவது?"

"இல்ல, மிஸ்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் ஒரு படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே மடித்து வைத்ததைப் பிரித்துத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் வந்தார். புதுசாக வந்த இளம் ஆள், கெட்டிக்காரர்தான். அவர் கையைத் தூக்கச் சொன்னார், காலைத் தட்டிப் பார்த்தார், கண்ணில் வெளிச்சம் அடித்தார். தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம் என்றார். அப்படி இருந்தால், இப்போது ரத்தம் உறையாத மருந்து கொடுத்து மெஷினில் போடுவது ஆளை நாமே கொல்வதாகிவிடும், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பித் தலையைப் படம் எடுத்துப் பார்க்காமல் தொடக் கூடாது என்றார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லப்பட்டது. வழியிலேயே ஒன்றரை மணி நேரம். அங்கே வரிசை எவ்வளவு நேரமோ.

மிஸ் ஒப்புக்கொள்ளவில்லை. வயிற்றுக்குள் போன ஏதோ ஒரு நஞ்சு மாதிரி இருக்கிறது, அப்படியானால் ஒரு நிமிஷம்கூட வீணாக்காமல் மெஷினில் போட வேண்டும், பயணம் போனால் தாங்க மாட்டார் என்றார். டாக்டர் நிதானமாகத்தான் கேட்டார், ஆதாரம் என்ன, வீட்டு ஆளே ஒன்றும் தின்னவில்லை என்கிறாரே என்று. மிஸ், ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் நேரம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு வெளியே பெஞ்சுக்குப் போனார். நானும் பின்னாலேயே போய்க் கதவில் நின்றேன்.

பெஞ்சில் பொடிமெனிக்கேயோடு இன்னும் ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். மிஸ் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். வெள்ளை உடுப்போடு, நான் அப்போதுதான் துடைத்த ஈரத் தரையில்.

"அக்கா, நான் திட்ட மாட்டேன். சத்தியமாத் திட்ட மாட்டேன். என்ன கொடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

பதினோரு வருடத்தில் நான் கேட்காத குரல் அது. பொடிமெனிக்கே இன்னும் ஒடுங்கிப் போனாள். பெஞ்சே ஒடுங்கியது. அந்தப் பெண்களுக்குத் தெரிந்த மிஸ் கத்துகிற மிஸ். இந்த மெல்லிய குரலுக்குப் பின்னால் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்? பயந்தார்கள்.

"சோறு, மிஸ். புடலங்காய்" என்றாள் பொடிமெனிக்கே. கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

உள்ளே விக்கல் சத்தம். வாசலில் ஆம்புலன்ஸ் பின்னால் திரும்பி நிற்கிற சத்தம்.

"எங்க அப்பாவுக்கும் இதே நோய்தான்" என்றார் மிஸ். "எனக்கு அப்போ பதினாறு வயசு. இந்த மெஷின் ஒண்ணும் அப்ப இங்க கிடையாது. தாகம் தாங்காம ரெண்டு நாளா அழுதுகிட்டிருந்தாரு. அம்மா வீட்ல இல்ல. நான்தான் செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தேன். மூணு வெட்டினேன். ஆஸ்பத்திரியில நர்ஸ் என்கிட்டத்தான் கேட்டாங்க, பாப்பா, அப்பா என்ன குடிச்சாருன்னு. திட்டுவாங்கன்னு பயந்து ஒண்ணும் குடிக்கலன்னு சொன்னேன். அரை மணி நேரத்துல நெஞ்சு நின்னு போச்சு. இன்னைக்கு வரைக்கும் எங்க அம்மாவுக்குத் தெரியாது."

இத்தனை வருடம் அவர் இளநீர் என்றாலே ஏன் அப்படிச் சீறினார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பொடிமெனிக்கே தலையைத் தூக்கினாள். அவள் பார்த்தது மிஸ்ஸை அல்ல, என்னை. வாய் திறந்திருந்தது. சொல்லட்டுமா என்று என்னிடம் உத்தரவு கேட்டாள். அப்படித்தான் அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது.

"காமரங்கா, மிஸ்" என்றேன் நான். "வியாழக்கிழமை தன்சல்ல. ரெண்டு கிளாஸ். பிழிஞ்சதுல நானும் ஒருத்தி. விக்கல் அன்னைக்கு சாயங்காலமே ஆரம்பிச்சிடுச்சு."

மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து உள்ளே ஓடினார். "காமரங்கா" என்று அவர் சொன்னது கேட்டது. டாக்டருடைய முகம் மாறியது. சிறுநீரகம் நல்லபடியாக இருக்கிறவர்களுக்கு அது வெறும் பழம். ஆயிரம் பேர் குடித்துவிட்டு மிகிந்தலை ஏறி இறங்கினார்கள். வெளியேற வழியில்லாத உடம்பில் அதில் உள்ள நஞ்சு மூளைக்கு ஏறும். விக்கல்தான் அதன் முதல் அறிகுறி. இதையெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டேன்.

ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டு மெஷினில் போட்டார்கள். நாலு மணி நேரம் என்பதை எட்டு மணி நேரமாக ஓட்டினார்கள். மூன்றாவது மணி நேரத்தில் விக்கல் நின்றது. அந்தச் சத்தம் நின்றபோது அறையில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மற்றக் கட்டில்களில் இருந்தவர்கள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். மத்தியானத்துக்குப் பிறகு முத்துபண்டா கண்ணைத் திறந்து, "மெனிக்கே, பஸ்ஸுக்கு நேரமாச்சா?" என்று கேட்டார். பெயர் சரியாக வந்தது. பொடிமெனிக்கே அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் பின்பக்கம் போய்ச் சுவரில் சாய்ந்து அழுதேன். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன். பாருங்கள், தப்பித்தார் என்று நினைக்கவில்லை.

மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. மெஷின் நின்றதும், தசையில் ஊறியிருக்கும் நஞ்சு திரும்ப ரத்தத்தில் இறங்கலாம் என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தானே கூடப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வலிப்பு வந்தது. அங்கே மறுபடியும் மெஷினில் போட்டார்கள். வலிப்பு நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை முத்துபண்டா போய்விட்டார். முதல் நாளே கொண்டு வந்திருந்தால் மீட்டிருக்கலாம், நஞ்சு இரண்டு நாள் மூளையில் வேலை செய்துவிட்டது என்று அங்கே பெரிய டாக்டர் மிஸ்ஸிடம் சொல்லியிருக்கிறார்.

எங்கள் தெரு முழுக்கத் துக்கத்துக்கு வெள்ளைக் கொடி கட்டினார்கள். தன்சலுக்குப் பந்தல் போட்ட அதே ஆட்கள்தான் சாவு வீட்டுக்கும் பந்தல் போட்டார்கள். மெஷினில் எட்டு மணி நேரம் போட்டே கொன்றுவிட்டாள் அந்த ராட்சசி என்று ஒருவன் பேசினான். நான் அவன் மேல் பாய்ந்தேன். நாலு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. ஊரே என் விசுவாசத்தை மெச்சியது.

பத்து நாள் கழித்துப் பொடிமெனிக்கே ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்க வந்தாள். வெள்ளைச் சேலையில் பாதி ஆளாகியிருந்தாள். மிஸ் அவளை உள்ளே உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள்.

மிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நான் குத்தம் சொல்றதுக்காகக் கேக்கல. எனக்குத் தெரிஞ்சாகணும். வெள்ளிக்கிழமை காலைல நான் இங்கதான் இருந்தேன். மெஷின்கூட ஒண்ணு சும்மா கிடந்துச்சு. ஏன் வரல?"

நான் தட்டோடு நின்றேன். வெளியே போயிருக்கலாம். போகவில்லை. இதோ வருகிறது என்று நினைத்தேன். வரட்டும் என்றுகூட நினைத்தேன். அவள் சொல்லிவிட்டால் எனக்குப் பாரம் விட்டது. நானாகச் சொல்ல வேண்டியதில்லை.

பொடிமெனிக்கே என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்ததா என்று இன்று வரை யோசிக்கிறேன். இருந்த மாதிரி தெரியவில்லை. ஆற அமரப் பார்த்துவிட்டுத் தேநீர் கிளாஸை மேசையில் வைத்தாள்.

"யார்கிட்ட கேக்கறதுன்னு எனக்குத் தெரியல, மிஸ்" என்றாள். "கேக்கறதுக்கு ஆள் இல்லை."

அவ்வளவுதான். கையெழுத்தை வாங்கிக்கொண்டு எழுந்து போனாள். என் முகத்தில் காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டிருப்பேன்.

அவள் போனதும் மிஸ் கதவைச் சாத்தினார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். கேட்க ஆள் இல்லை என்ற அந்தச் சொல் அவரைக் குத்திவிட்டது என்று தெரிந்தது. என்னால்தான், என் வாயால்தான் இவர்கள் இப்படி ஆனார்கள் என்றார். இனிமேல் எடை எடுக்கும்போது யாரையும் ஒரு சொல் சொல்ல மாட்டேன் என்றார். ஆனாலும் அவரைக் கண்டால் இவர்களுக்கு உடனே பயம் போய்விடாது, அதுவரைக்கும் நடுவில் ஒரு ஆள் வேண்டும் என்றார். எதை வேண்டுமானாலும் கூசாமல் கேட்கக்கூடிய ஆள், ஊர்க்காரி, பொய் சொல்லாதவள்.

"அன்னைக்கு அத்தனை பேர்ல உண்மையைச் சொன்னது நீங்க ஒருத்திதான், கருணா அக்கா. தினமும் காலைல அந்தப் பெஞ்சுல போய் உக்காருங்க. சின்ன விஷயமா இருந்தாலும் உங்ககிட்ட கேக்கச் சொல்லி எல்லார்கிட்டயும் நான் சொல்லிடறேன்."

இப்போது சொல்லிவிடு என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன். அவர் கண் சிறுத்திருக்கவில்லை. என்னை அவ்வளவு நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆகட்டும், மிஸ்" என்றேன்.

மூன்று மாதமாகப் பெஞ்சில் உட்காருகிறேன். புடலங்காய்ப் பேச்சு குறைந்துவிட்டது. யார் இளநீர் குடித்தது, யார் மாம்பழம் தின்றது, யாருக்கு எங்கே வலிக்கிறது, எல்லாவற்றையும் சொல்கிறார்கள். ஒருத்தி ஒரு ஏப்பம் என்றாலும் நான் உள்ளே ஓடிப்போய்ச் சொல்லிவிடுகிறேன். என் கவனத்தைப் பற்றி மிஸ் எல்லோரிடமும் பெருமையாகப் பேசுகிறார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது பொடிமெனிக்கே முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். வேலை முடிந்ததா அக்கா என்று கேட்கிறாள். முடிந்தது என்கிறேன்.